நினைவுப் பரிசு வாங்காமல் இறங்க மாட்டோம்

போன ஞாயிற்றுக்கிழமை ஹுத்தான் மெலிந்தாங் ஊர் மண்டபத்தில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

எதற்கு? எனக்கும் தெரியாது. கழிவறை எங்கே என்று கேட்கத்தான் மேடைப் பக்கம் போனேன். மைக்கில் என் பெயர் கேட்டது. ஓர் அம்மாள் ஓடி வந்து போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். கைதட்டினார்கள். கழிவறைக்கு வழியை மட்டும் யாரும் சொல்லவில்லை.

போர்த்தியவர்கள் யார் தெரியுமா? பேராக் மாநிலத்தில் ஊர் ஊராக நாடகம், நடனம், கச்சேரி ஏற்பாடு செய்கிற சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. அதன் நிர்வாகிகள். கவனியுங்கள் — இவர்கள் ஆடுகிறவர்கள் இல்லை, பாடுகிறவர்களும் இல்லை. ஆட வைக்கிறவர்கள், பாட வைக்கிறவர்கள். அவர்களேதான் எனக்குப் போன் போட்டு, "வந்து பாருங்கக்கா, பேப்பர்ல நாலு வரி எழுதுங்க" என்று கூப்பிட்டார்கள்.

எழுதுகிறேன். நாலு வரியில் அடங்குமா என்றுதான் தெரியவில்லை.

யோசனை என்னவோ நல்ல யோசனை. ஒரு நாடகக் குழுவை ஒரே ஓர் ஊர் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது. நாலு ஊர் சேர்ந்து கூப்பிட்டால் ஒரே லாரி, ஒரே லைட், ஒரே சவுண்ட். ஈப்போவில் போட்ட நாடகம் சிலிம் ரிவருக்கும் வரும், பாகான் டத்தோவுக்கும் வரும். யாருக்குக் கசக்கும்?

ஆனால் நல்ல யோசனையை ஒரு கமிட்டியின் கையில் கொடுத்துப் பாருங்கள்...

வருஷத்துக்கு ஒரு தடவை ஈப்போ ஹோட்டல் ஒன்றில் இவர்கள் கூடுவார்கள். கலைக்குழுக்கள் ஒவ்வொன்றாக வந்து பத்து நிமிஷம் செய்து காட்ட வேண்டும். நிர்வாகிகள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் சாத்தே கறிக்குச்சித் தட்டோடு பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த வருஷம் நானும் போயிருந்தேன். மேடையில் ஒரு பெண் நெஞ்சு வெடிக்க அழுது நடிக்கிறாள். பக்கத்தில் இருந்தவர் என்னிடம் குனிந்து கேட்கிறார்: "சாத்தே தீர்ந்திருச்சா, இன்னும் வருமா?"

அந்தப் பெண் பெயர் கஸ்தூரி. தெலுக் இந்தானில் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை. மற்ற நேரமெல்லாம் நாடகம். மூன்று பேர்தான் குழு. கதை அவள் வீட்டுக் கதை. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், அங்கே புது வீடுகள் கட்டப் போகிறார்கள், தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். அவள் அண்ணன் முனியாண்டி ஆபீஸ் வாசலில், லயமே பார்த்துக்கொண்டிருக்க, மேனேஜரிடம் கெஞ்சி அழுகிறார். நாடகத்தில் அந்த அண்ணனாக வருவது கஸ்தூரிதான். தோளில் ஒரு துண்டு... அவ்வளவுதான் வேஷம்.

இந்த நாடகத்தைத்தான் கூட்டமைப்பு ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது. ஆகா, ரசனை இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். செயலாளரிடமே கேட்டேன்.

"சாமான் கம்மிக்கா. ஒரே ஒரு பெஞ்சுதான்" என்றார். "நமக்கு மேடையில நாற்காலி போட இடம் இருக்கும்லா."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னார்.

இங்கே இவர்களுடைய வழக்கத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எந்த ஊரில் நிகழ்ச்சி நடந்தாலும் மற்ற ஊர்க் கமிட்டிகள் எல்லாம் வந்துவிடும். வந்தவர்கள் கீழே உட்கார மாட்டார்கள். மேடையில் வரிசையாக நாற்காலி. ஆளுக்கு ஒரு பொன்னாடை, ஆளுக்கு ஒரு உரை, ஆளுக்கு ஒரு நினைவுப் பரிசு. அது முடிந்த பிறகுதான் நாடகம். ஈப்போக்காரர் சிலிம் ரிவர்க்காரருக்குப் போர்த்த, சிலிம் ரிவர்க்காரர் ஈப்போக்காரருக்குப் போர்த்த... ஈப்போவில் ஒரு தோளில் பார்த்த பச்சைக்கரைப் பொன்னாடையை சிலிம் ரிவரில் வேறொரு தோளில் பார்த்தேன். நாடகத்தைவிட ஒழுங்காக ஊர் சுற்றியது அந்தத் துணிதான்.

கூட்டமைப்பின் தலைவர் ஒரு பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர். மேடைக்கு வந்தால் தன் வாயை மூட மறந்துவிடுகிறார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கெட்ட மனிதரையாவது ஒருநாள் திருத்தலாம்.

ஈப்போவில் நாடகம் முழுசாக நடந்தது. முடிந்ததும் "கலைஞருடன் உரையாடல்" என்று ஒரு பகுதி. கேள்வி கஸ்தூரிக்கு, பதில் தலைவரிடமிருந்து. ஏன் இந்தக் கதையை எடுத்தீர்கள்? தலைவர் சொன்னார். எத்தனை நாள் ஒத்திகை? தலைவர் சொன்னார். கடைசியில் ஒரு பெண், "அக்கா, உங்க அண்ணன் இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். தலைவர் எழுந்தார். "நல்ல கேள்வி. நன்றிம்மா" என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசினார். முனியாண்டியை அவர் கண்ணால் பார்த்ததே கிடையாது.

பக்கத்தில் மைக் இல்லாமல் நின்றாள் கஸ்தூரி. சிரித்த முகமாகத்தான் நின்றாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

சிலிம் ரிவரில் இன்னும் மோசம். பொன்னாடை முடியவே நேரமாகிவிட்டது. "ஹைலைட்ஸ் மட்டும் போட்டு முடிச்சிடும்மா" என்றார் தலைவர். வேறு வழியில்லாமல் கஸ்தூரி பாதியை வெட்டினாள். மறுநாள் எனக்குப் போன்.

"அக்கா, நேத்து பார்த்தவங்க எங்கண்ணன் சும்மா அழுதாருன்னு நினைச்சிருப்பாங்க. எதுக்கு அழுதாரோ அந்த சீனைத்தான் வெட்டிட்டேன்."

அவள் குரல் உடைந்தது. அப்போதுதான் முழு விஷயத்தையும் சொன்னாள்.

தன் கதை மேடை ஏறுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து முனியாண்டி தங்கையிடம் பேசுவதில்லை. "நான் அழுததை ஈப்போக்காரங்களுக்குக் காட்டிக் கைதட்டு வாங்குறியா?" என்று கேட்டதுதான் கடைசி. பிறகு வீட்டில் யார் யாரோ பேசி, ஒரு சமாதானம் ஆயிற்று. அவர் இருப்பது ஹுத்தான் மெலிந்தாங்கில். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார். நாடகம் அங்கே வரும்போது முழுசாகப் பார்ப்பார். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் கஸ்தூரி அதோடு நாடகத்தை நிறுத்திவிட வேண்டும்.

"முழுசா பார்த்தாத்தான்க்கா நியாயம். பாதி பார்த்தா அவரு சொல்றதுதான் சரின்னு ஆயிடும்."

இதைத் தலைவரிடம் சொன்னாளா? சொன்னாள். அவர், "கண்டிப்பா, கண்டிப்பா" என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

மூன்று மணிக்கு நாடகம். மண்டபத்தில் சாயந்திரம் ஒரு கல்யாண விருந்து. "அஞ்சரைக்கு கல்யாண வீட்டு ஆளுங்க வந்துருவாங்க, அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட தா போலே, முடியவே முடியாது" என்று மண்டபத்துப் பொறுப்பாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். நாடகம் முக்கால் மணி நேரம். தாராளமாக நேரம் இருக்கிறது இல்லையா?

நீங்கள் நிர்வாகிகளை மறந்துவிட்டீர்கள்.

நாலு மணி வரைக்கும் உரை. அதற்குப் பிறகு பொன்னாடை. முனியாண்டி கடைசி வரிசைத் தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். உட்காரக் கூட இல்லை. கஸ்தூரி மேடையோரத்தில் துண்டைப் போட்டபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒருதடவை வாசலைத் திரும்பிப் பார்த்தார். கிளம்பிவிடுவாரோ?

நாலரை தாண்டியது. கஸ்தூரி தலைவரிடம் போய்க் குனிந்தாள். நான் அருகில்தான் நின்றேன்.

"டாக்டர், இப்ப ஆரம்பிச்சாத்தான் முழுசா போட முடியும். எல்லாரும் கொஞ்சம் கீழ இறங்குனீங்கன்னா..."

"இன்னும் நினைவுப் பரிசு கொடுக்கலையேம்மா. சிக்கிட் டைம்தான், கொஞ்ச நேரம். நீ எதுக்கும் ஹைலைட்ஸ் ரெடி பண்ணிக்க."

கஸ்தூரி நிமிர்ந்தாள். மேடைக்குப் பின்னால் போனாள். லைட் போடுகிறவரிடம் ஏதோ சொன்னாள். மண்டபம் இருண்டது. பெஞ்சு வந்தது. நாடகம் ஆரம்பமாகிவிட்டது.

நிர்வாகிகள் எழுந்து போயிருக்க வேண்டும், இல்லையா? போகவில்லை. நினைவுப் பரிசு இன்னும் கைக்கு வரவில்லையே. வாங்காமல் எப்படி இறங்குவது? நாற்காலிகளைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார்கள். அவ்வளவுதான். லயத்துக் குடும்பம் முன்னால் சட்டி பானை கட்டுகிறது. பின்னால் பட்டு வேட்டியும் கோட்டுமாக ஒரு வரிசை. ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். தலைவர் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் பார்த்தார்.

இந்த லட்சணத்தில் அந்த ஆபீஸ் காட்சி வந்தது.

ஈப்போவில் மேனேஜர் என்று யாரும் வரவில்லை. நிர்வாகிகள் விட்டுப்போன ஒரு காலி நாற்காலி இருக்கும். கஸ்தூரி அதைப் பார்த்துக் கெஞ்சுவாள். இங்கே காலி நாற்காலிக்கு எங்கே போவாள்? எல்லாவற்றிலும் ஆள். ஒரு நொடி தயங்கினாள். பிறகு நேராகத் தலைவர் முன்னால் போய் நின்று, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, ரெண்டு மாசம் டைம் கொடுங்கய்யா. பிள்ளைங்களுக்குப் பரீட்சை முடியட்டும். நாங்களே போயிடுறோம். எங்கம்மா இந்த லயத்துலதான்யா எங்களைப் பெத்துச்சு. இப்ப எங்கய்யா போவோம்?"

தலைவர் போனிலிருந்து நிமிர்ந்தார். எதிரே ஒருத்தி நிற்கிறாள். ஏதோ கேட்கிறாள். சபை பார்த்துக்கொண்டிருக்கிறது. கையில் மைக் இருக்கிறது. வேறென்ன வேண்டும் அவருக்கு?

எழுந்தார்.

"நல்ல கேள்வி. நன்றிம்மா. உங்க உணர்வை நாங்க மதிக்கிறோம். இதை கமிட்டி கவனத்துக்குக் கொண்டு போறோம். எல்லாத் தரப்பையும் கலந்து பேசி, ஒரு நல்ல முடிவு எடுப்போம். மாற்றம் வரும்போது கொஞ்சம் சிரமம் இருக்கத்தான் செய்யும். அதுவரைக்கும் நீங்க எல்லாரும் ஒத்துழைப்பு கொடுக்கணும்னு அன்போட கேட்டுக்கிறேன்."

உட்கார்ந்தார். கோட்டைச் சரி செய்துகொண்டார்.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பாதி மண்டபம் வரை போனது. அப்புறம் மெல்ல மெல்ல அடங்கிவிட்டது. ஏனென்றால் கஸ்தூரி சிரிக்கவில்லை. துண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, "சரிங்கய்யா" என்று கும்பிட்டாள். குரல் அவளுடையதாகவே இல்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. என் பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மண்டபத்தில் பாதிப் பேர் எந்தெந்தத் தோட்டத்திலிருந்தோ இந்த "ஒத்துழைப்பு" கொடுத்துவிட்டு வந்தவர்கள்தானே.

நாடகம் முழுசாக முடிந்தது. ஒரு காட்சி கூட வெட்டவில்லை.

கல்யாண வீட்டு ஆட்கள் பூ வளைவோடு உள்ளே நுழைந்தார்கள். நம் நிர்வாகிகள் அசரவில்லை. நினைவுப் பரிசுகளைக் கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கொடுத்துக்கொண்டார்கள். குரூப் போட்டோவுக்கு மட்டும் திரும்ப மேடை ஏறினார்கள். பின்னால் மணமக்கள் பெயர் எழுதிய பலகை. அதை யாரும் கவனிக்கவே இல்லை. தலைவர் என்னிடம் வந்தார், முகமெல்லாம் மலர்ச்சி.

"எப்படிக்கா? ஆடியன்ஸ் கூட நல்ல இன்டராக்ஷன்லா. சிலிம் ரிவர்ல இப்படி இல்ல."

நான் வாய் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

மேடைக்குக் கீழே கஸ்தூரி வயர் சுருட்டிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். முனியாண்டி வந்து நின்றார். அவள் நிமிரவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது.

"கஸ்தூரி."

"ண்ணே."

"நீ ஒண்ணும் கூட்டிச் சொல்லல. நான் அன்னிக்கு அப்படித்தான் நின்னேன்." தரையில் கிடந்த வயரைக் காலால் ஒதுக்கினார். "பரவால்ல. போடு. எல்லா ஊர்லயும் போடு."

அவள் வயரைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். நான் கொஞ்சம் தள்ளிப் போகப் பார்த்தேன். அதற்குள் அவரே கேட்டார்.

"அந்த மேனேஜரா வந்தாரே, அவரை எங்க புடிச்ச? என்னமா நடிக்கிறாரு. அன்னிக்கு வந்த ஆளும் அச்சு அசல் இப்படித்தான். எந்திரிச்சு, நன்றி சொல்லி, ஒத்துழைப்பு கேட்டுட்டு உக்காந்துட்டான்."

கஸ்தூரி துண்டை விலக்கி என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"அவரு நடிக்கலண்ணே."

முனியாண்டி மேடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பூ வளைவுக்கு நடுவில் தலைவர் எல்லாரையும் இன்னும் நெருங்கி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நடிக்கலையா? அப்ப ஆளை மாத்திடாத."

மாற்ற நினைத்தாலும் முடியாது முனியாண்டி... வருஷா வருஷம் தலைவர் தேர்தலில் போட்டியில்லாமல் ஜெயிக்கிறவர் அவர்.