மூக்கில் தொடங்குகிறவர்

முதலில் மூக்கு. அதை ஒரே இழுப்பில் போட்டுவிட்டு, தாள் சொருகிய அட்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "சாப்ட்டாச்சா?" என்று கேட்கிறார். எதிர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் மேலாளர், "ஆச்சு, ஆச்சு" என்று தலையாட்டுகிறார். அப்போது அவர் முகவாய் இரண்டாக மடிகிறது. மூக்கண்ணனுக்கு வேண்டியது அந்த மடிப்புதான். பதிலை அவர் காதில் வாங்குவதே இல்லை. ஒரு தடவை ஓர் அம்மாள், "இல்லப்பா, காலையிலேர்ந்து பட்டினி" என்றார். "ரொம்ப சந்தோஷம்மா" என்றார் இவர்.

மூக்கண்ணன் என்பது விருந்து வேலைக்கு வரும் நாங்கள் வைத்த பெயர். நிறுவன விருந்து, பிறந்தநாள், கடைத் திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போய், ஒரு மூலையில் இரண்டு நாற்காலி போட்டு, வருகிறவர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து கொடுப்பார். நான் அதே இடங்களில் போட்டோ எடுப்பவன். என்னிடம் வருகிறவர்கள் மூச்சைப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அவரிடம் போய் அதே தொப்பையைப் பானை அளவுக்குப் போட்டு வாங்கிக்கொண்டு, எல்லாரிடமும் காட்டிப் பல்லை இளிப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

மனிதர் ஓய்ந்துபோயிருக்கிறார். வலது தோள்பட்டை சரியாகத் தூக்க வருவதில்லை. மார்க்கர் நெடி தலைவலியைக் கொண்டுவருகிறது. ஒரு முகத்துக்கும் அடுத்த முகத்துக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொள்கிறார். "எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான் தம்பி. நடுவுல மூக்கு, கீழ வாய். இதுல புதுசா என்னத்த கிண்டல் பண்றது? விட்டுரப்போறேன்" என்பார். விடட்டுமே என்று நானும் பேசாமல் இருப்பேன். அதற்குள் வரிசையில் யாரையோ பார்த்து நிமிர்ந்துவிடுவார். "அந்தக் காதப் பாருங்க தம்பி! அத எப்படி விட்டுட்டுப் போறது?"

அவர் ஆட்களை வரிசையில் நிற்கும்போதே பார்த்து முடித்துவிடுவார். நாற்காலிக்கு வந்துவிட்டால் ஆளுக்கொரு முகத்தை மாட்டிக்கொள்வார்களாம். படம் முடிந்ததும் அட்டையைத் திருப்புவார். உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க மாட்டார். கூட வந்தவர்களைத்தான் பார்ப்பார். "அவங்கதான தினம் இந்த மூஞ்சியோட மாரடிக்கறாங்க? அவங்க சிரிச்சா படம் சரி." அவர்கள் குபீரென்று சிரித்த பிறகுதான் மூலையில் கையெழுத்து. சிரிப்பு வராத படத்தில் அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. "பொறக்கும்போதே இருந்ததுல கைவைப்பேன். பின்னால வந்ததுல வைக்க மாட்டேன்." தீக்காயம், தழும்பு, மருந்தில் உதிர்ந்த முடி, எதையும் அவர் பேனா தொடாது. ஒரு மூக்கையோ முன்பல்லையோ பிடித்துக்கொண்டு ஒப்பேற்றிவிடுவார்.

வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "நாள் முழுக்க மூஞ்சியாப் பாத்தாச்சு. செவுத்துக்காவது மூக்கு இல்ல" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, முன்பெல்லாம் சேர்ந்து சிரிப்பார். போன மழைக்காலத்தில் ஒரு காலை, அண்ணிக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். மாத்திரை, கன்னத்துக்குப் பயிற்சி எல்லாம் நடந்தது. பேச்சு திரும்பிவிட்டது, வாய் திரும்பவில்லை. அதிலிருந்து சிரிப்பு வந்தால் அண்ணி கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். யார் வீட்டுக்கும் போவதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, என் காரில் அவர் மறந்துவிட்டுப்போன அட்டையைக் கொடுக்கப் போயிருந்தேன். அண்ணி எங்களுக்கு டீ கொடுத்து, தன் டம்ளரோடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, ஊர்ல இருக்கற மூஞ்சியெல்லாம் போட்டாச்சு. என்னைய ஒரு தடவ போடுங்களேன்."

"வீட்லயுமா? கை கழண்டு விழுதும்மா."

"உங்க கை என்னைக்குத்தான் கழலல? போடுங்க."

போட்டார். மூக்கில்தான் தொடங்கினார். ஆனால் "சாப்ட்டாச்சா" கேட்கவில்லை. அண்ணியைப் பார்த்ததைவிட அட்டையைப் பார்த்ததுதான் அதிகம். திருப்பியபோது அதில் ஓர் அழகான பெண் இருந்தாள். வாய் நேராக, அளவாக இருந்தது. "ரொம்ப நல்லா இருக்கு அண்ணி" என்றேன். சிரிப்பு வரவில்லை. அவரும் மார்க்கரை மூடிவிட்டார்.

அண்ணி படத்தை வாங்கிப் பார்த்தார். "யாரு இவ? சின்ன வீடா?"

எனக்கு டீ புரையேறிவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை.

"பின்னால வந்ததுல கைவைக்க மாட்டீங்க, தெரியும். ஆனா வந்தது போகலையே. இனி இதுவும் என் மூஞ்சிதான். வர்றவங்க எல்லாம் என் தோளப் பாத்துப் பேசறாங்க. நீங்க செவுத்தப் பாக்கறீங்க. என்னைய யாருதாங்க பாக்கறது?"

"அசதிம்மா..." என்று இழுத்தார்.

"அசதி எனக்கும்தான் இருக்கு."

அவர் அந்தத் தாளை உருவிக் கீழே வைத்துவிட்டு வேறு தாள் சொருகினார். அண்ணியைப் பார்த்தார். எத்தனையோ பேரை அவர் பார்க்கப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நேரம் யாரையும் பார்த்ததில்லை. கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சாப்ட்டாச்சா?"

"கேள்வியப் பாரு! கூட உக்காந்து சாப்ட்டவரு கேக்கறாரு!" அண்ணியின் வாய் காதை நோக்கி ஓடியது.

பேனா இறங்கியது. மூக்கில் அல்ல, முதலில் வாய். கோடு கன்னத்தைத் தாண்டி, காதைச் சுற்றிக்கொண்டு, தாளின் ஓரம் வரை போய்த்தான் நின்றது. மற்றதெல்லாம் அப்புறம்தான் வந்தது.

அட்டையைத் திருப்பினார். வழக்கம்போல உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கவில்லை. கூட இருந்தவன் நான் ஒருவன்தான், என்னைப் பார்த்தார். அந்தப் படத்தில் அண்ணியின் வாய் வீட்டில் கோபித்துக்கொண்டு தனியாக வெளியே கிளம்பிக்கொண்டிருந்தது. மூக்கு அதைத் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை, வெடித்துவிட்டேன். அண்ணி எட்டி அட்டையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்து, "அடப்பாவி மனுஷா!" என்று வாயைப் பொத்தாமல் சிரித்தார்.

மூக்கண்ணன் மார்க்கரின் மூடியைக் கழற்றி, மூலையில் கையெழுத்துப் போட்டார்.