இரண்டாவது ரிமோட்டில் பாஸ் கிடையாது

செய்தி வந்தபோது நான் கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். உட்கார இடம் இருந்தது. என்னால்தான் உட்கார முடியவில்லை. காய்ச்சலோடு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடந்த வளர்மதியை அன்று சாயங்காலம் சாதாரண வார்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். மாற்றுத் துணி எடுத்து வர அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊர் நெருங்கும்போது அவளுடைய அண்ணன் செல்வம் போன் செய்தார்.

"உமா, எங்க போய்க்கினு இருக்கிற?"

"வூட்டுக்குத்தாண்ணா. துணி எடுக்க."

"துணி எடுக்க வேணாம்மா. வளரு பூட்டா."

கண்டக்டர் வந்து எங்கே இறங்கணும் என்று கேட்டார். கர்சீப்புக்காகப் பைக்குள் கையை விட்டால், சோதித்துப் பார்க்க எடுத்து வைத்திருந்த கேம் ரிமோட் அகப்பட்டது. இறங்கும்வரை அதன் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

வளர்மதியை உங்களில் பலருக்கு வெறும் குரலாகத்தான் தெரியும். பழைய டிவி கேமுக்கு ரிமோட் கிடைக்குமா என்று சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் கூப்பிட்டவர்கள் நீங்கள். நீங்கள் கன்ட்ரோலர் என்பீர்கள். சின்ன வயதில் நாங்கள் அதை ரிமோட் என்றோம், தொழில் தொடங்கிய பிறகும் அப்படியேதான் சொன்னோம். நாங்கள் இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. கள்ளக்குறிச்சியில் ஒரு பம்புசெட் கடைக்கு மேலே அறை பிடித்து, அந்தக் காலத்து ரிமோட்டைப் போலவே புதிதாகச் செய்து விற்றோம். வடிவமைப்பு அவள். உங்களைச் சமாளிப்பது நான். உண்மையைச் சொன்னால், அவளிடமிருந்து உங்களைக் காப்பாற்றுவதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

ஏனென்றால் உங்களுக்கெல்லாம் ஒரு நினைப்பு. இந்த வேலையைச் செய்கிறவள் பழசின் மேல் பைத்தியமாகத்தான் இருப்பாள் என்று. ஒருமுறை சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்தார். நாங்கள் செய்த ரிமோட்டைக் கையில் வாங்கியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் கொஞ்சம் சுருங்கியது.

"அந்தக் காலத்து ரிமோட்ல நாலு முனையும் கூரா இருக்கும். உள்ளங்கையில குத்தும். இதுல அது இல்லையே," என்றார்.

வளர் வயருக்குச் சால்டரிங் வைத்துக்கொண்டே நிமிராமல் கேட்டாள். "குத்தணுமா சார்?"

"அதுதானேம்மா ஞாபகம்."

"ஞாபகத்துக்குக் கை வலிக்காது சார். உங்களுக்கு வலிக்கும். அப்ப உங்க கை சின்னது, இப்ப பெருசாயிடுச்சி. ரிமோட்டு மட்டும் அப்படியே இருந்தா எப்படி?"

அவர் வாங்கிக்கொண்டுதான் போனார். போன பிறகு நான் அவளைப் பிடித்துத் திட்டினேன். "பழசு மாதிரி இருக்கணும் உமா. பழசு மாதிரி படுத்தக் கூடாது," என்றாள். அதற்கு மேல் பேசினால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவாள். எங்கள் அறையோ தீப்பெட்டி. ஒருத்தி நடந்தால் இன்னொருத்தி வாசலில் போய் நிற்க வேண்டும்.

பழசோடு அவள் இப்படி மல்லுக்கு நின்றதற்குக் காரணம் அவள் சின்ன வயதில் இருந்த மூங்கில்துறைப்பட்டில் இருக்கிறது. அவள் அப்பாவுக்கு அங்கே சர்க்கரை ஆலையில் வேலை. ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு டிவி கேம் வந்தது. அந்தப் பெட்டியோடு வந்த இரண்டு ரிமோட்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஸ்டார்ட் பொத்தான் முதல் ரிமோட்டில் மட்டும்தான். ஆட்டத்தைத் தொடங்குவதும் அதுதான், நடுவில் நிறுத்தி வைப்பதும் அதுதான். இரண்டாவதில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். முதல் ரிமோட் அண்ணனுக்கு, இரண்டாவது இவளுக்கு. அதில் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டு பேர் சேர்ந்து சுட்டுக்கொண்டே ஓடும் ஆட்டம் ஒன்று அவர்களிடம் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அம்மா கூப்பிடுவார். "வளரு, கொழாயில தண்ணி வந்துடுச்சி பாரு." ஒருநாளும் செல்வம் என்று கூப்பிட்டதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே இவள் "பாஸ், பாஸ்" என்று கத்துவாள். நிறுத்தி வை என்று அர்த்தம். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாஸு எங்கடி வந்தான்? அவன் கடைசிலதான் வருவான்," என்பார். கட்டத்தின் கடைசியில் வரும் பெரிய எதிரிக்கும் எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் பெயர். தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் இவளுடைய ஆள் செத்துப் போயிருப்பான்.

"அவனுக்குப் புரியாம இல்லடி," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "பத்தாவது பாஸாவுற வரைக்கும் அந்த ஆட்டத்துல நான் பாஸைப் பார்த்ததே இல்ல. எல்லாம் ஒரு பாஸ் இல்லாததால." சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் சொல்லும்போது கை சும்மா இருக்காது. மேஜைமேல் கிடக்கும் ஸ்க்ரூ எதையாவது எடுத்துத் திருகிக்கொண்டிருப்பாள்.

புதிதாக எது செய்தாலும் அதைக் கல்வராயன் மலைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். வெள்ளிமலையில் அவள் அம்மாவுக்குத் தேன் கொடுக்கும் பச்சையம்மா என்று ஒருவர் இருக்கிறார். மரவள்ளி பயிர் செய்கிறவர். டிவி கேம் என்ற ஒன்றை நாங்கள் கொண்டுபோய்க் காட்டும்வரை அவர் பார்த்ததில்லை. "பழசைத் தெரியாத கைதான் பொய் சொல்லாது," என்பாள் வளர். எனக்கு அந்த மலைப்பாதை வளைவுகளில் குடல் வாய்க்கு வந்துவிடும். அவளைத் திட்டிக்கொண்டேதான் ஒவ்வொரு முறையும் ஏறுவேன்.

கடைசியாகப் போனபோது பச்சையம்மா இரண்டாவது ரிமோட்டை வாங்கி என்னோடு ஆடினார். ஆட்டம் பிடித்துப்போய் நன்றாகவே ஆடினார். நடுவில் அடுப்பில் கஞ்சி பொங்கும் சத்தம் கேட்டதும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்து பார்த்தால் அவருடைய ஆள் காலி.

"நான் வர்ற வரைக்கும் நிக்காதா அது?"

"நிறுத்துற பட்டன் இவ கையிலதான் இருக்குதுக்கா," என்று வளர் என்னைக் காட்டினாள்.

பச்சையம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ நிறுத்தி இருக்கலாமே."

நான் ஆட்ட வேகத்தில் இருந்தேன், வேறென்ன சொல்வது? மலை இறங்கும்வரை வளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் அவளைப் பேசாமல் வரச் சொன்னேன்.

மறுநாளே வேலையில் இறங்கிவிட்டாள். இரண்டாவது ரிமோட்டின் மொட்டை இடத்தில் சூடான கத்தியால் கோணலாக ஓர் ஓட்டை போட்டாள். உடைந்த கால்குலேட்டரிலிருந்து ஒரு பட்டனைப் பிடுங்கி அதில் பொருத்தினாள். ஆட்டங்கள் பெரும்பாலும் முதல் ரிமோட் சொன்னால்தான் நிற்கும் என்பதால், அந்தப் பட்டனிலிருந்து ஒரு மஞ்சள் வயரை இழுத்து முதல் ரிமோட்டின் ஸ்டார்ட்டோடு சேர்த்தாள். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூடவே வந்தது. அந்தக் கால்குலேட்டர் பட்டனில் '=' என்று அச்சடித்திருந்தது. படத்தை உங்கள் பழைய கேம் குழுவில் போட்டபோது ஒருவர், சமத்துவத்தை எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டீர்கள் என்று எழுதினார். "மத்த பட்டனெல்லாம் ஒடைஞ்சி போச்சி சார்," என்று பதில் போட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் குழு மொத்தமாக ஜோடி ரிமோட் கேட்டது. அட்டைப்பெட்டி, வயரின் நிறம், எழுத்து, எல்லாம் அன்றிருந்தபடியே வேண்டும் என்றீர்கள். இரண்டாவதில் ஸ்டார்ட் இருக்கக் கூடாது என்று தனியாகவே எழுதியிருந்தீர்கள். நான் சரி என்றேன். அவள் முடியாது என்றாள். எங்களுக்குள் வந்த சண்டைகளிலேயே அதுதான் பெரிசு.

"கேக்குறவங்க கேக்குறத செஞ்சி குடுக்குறதுதான்டி பொழப்பு," என்று கத்தினேன்.

"இன்னா கேக்குறாங்க? கேக்குறவன் எல்லாம் மொத ரிமோட்டு வெச்சிக்கினு இருந்தவன். ரெண்டாவது வெச்சிக்கினு இருந்தவ எவளாவது எனக்கு அது அப்படியே வேணும்னு எழுதி இருக்காளா? காட்டு பாக்கலாம்."

என் போனில் தேடினேன். காட்ட முடியவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பேச்சு முடிவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, என்னைப் பார்த்ததும் அதைத்தான் கேட்டாள்.

"அந்த ஆர்டர ஆரம்பிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நிறுத்தி வை. நான் வந்து பேசிக்கிறேன்."

என்னிடம் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம், அதை மறைக்க விரும்பவில்லை. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவளை என்ன செய்வது? தினமும் போய் அறையைத் திறப்பேன். பட்டனுக்கு அடியில் வைக்கும் ரப்பரை எடுப்பேன், வைப்பேன். ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன். "மேல இன்னாம்மா, நாள் பூரா யாரோ நடக்குற சத்தமாவே கேக்குது," என்று கீழே பம்புசெட் கடைக்காரர் கேட்டார். நான்தான் நடந்துகொண்டிருந்தேன். முன்பு அவள் நடப்பாள், நான் வாசலில் நிற்பேன். இப்போது வாசலில் நிற்க ஆள் இல்லை.

நீங்கள் எல்லோரும் இரங்கல் எழுதினீர்கள். கூடவே ஆர்டர் என்னவாயிற்று என்றும் கேட்டீர்கள். கேட்டதில் தப்பில்லை. அவள் நினைவாக வரப்போகும் ஜோடி, அதனால் இம்மி பிசகாமல் பழசாகவே இருக்கட்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் சொன்னபடி செய்யவும் மனம் வரவில்லை. செத்துப் போய்விட்டாள் என்பதற்காக ஒருத்தியின் பேச்சைக் கேட்பதா? உயிரோடு இருந்திருந்தால் இன்னும் கத்திக்கொண்டுதானே இருந்திருப்பேன்?

காரியம் முடிந்த மறுநாள், அவள் சாமான்களை எடுத்துப் போக செல்வம் அண்ணன் வந்தார். மேஜைமேல் மஞ்சள் வயர் போட்ட ஜோடியைப் பார்த்து, "இது இன்னா?" என்றார். சொன்னேன். தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓடுமா?" என்று கேட்டார். டிவியில் மாட்டி, அவர்கள் சின்ன வயதில் ஆடிய அதே ஆட்டத்தின் கேசட்டைப் போட்டேன். அவர் கை பழக்கத்தில் முதல் ரிமோட்டுக்குப் போனது. பாதியில் நின்றது. பிறகு இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

மோசமாக ஆடினார். விரல்கள் தடுமாறின. ஒரு குழியைத் தாண்டிக் குதித்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே தோள் குலுங்க ஆரம்பித்தது. திரையில் எதிரிகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

"பாஸ் போடும்மா," என்றார்.

"உங்க கையிலயே இருக்குதுங்கண்ணா."

குனிந்து பார்த்தார். '=' பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஆட்டம் நின்றது. அவர் அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்வரை நின்றது.

"இத்தினிதானா?" என்றார். "இத்தினிதான் கேட்டாளா?"

அவர் மற்ற சாமான்களை எல்லாம் எடுத்துப் போனார். இந்த ஜோடியை நான் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அவளுடையது என்று நான் வைத்துக்கொள்வது இதை மட்டும்தான். கோணல் ஓட்டையும் மஞ்சள் வயருமாக என் மேஜைமேல் கிடக்கிறது. எங்கள் சண்டையில் தோற்றது நான் என்பதற்கு அதுதான் சாட்சி. தெரிந்தால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

உங்கள் பெட்டிகள் முடிந்ததும் வந்து சேரும். நிறமும் எழுத்தும் நீங்கள் கேட்டபடியே இருக்கும். முனை குத்தாது. பிடிக்காதவர்கள் திருப்பி அனுப்பலாம், நான் சண்டைக்கு வர மாட்டேன். அதற்கு முன் ஒரே ஒரு தடவை முதல் ரிமோட்டை உங்கள் தங்கையிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டு, இரண்டாவதை நீங்கள் வைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள்.

நீ நிறுத்தி வைக்கச் சொன்ன வேலையை இன்று காலை ஆரம்பித்துவிட்டேன், வளரு. ரெண்டாவதுல பாஸ் இருக்கு.