லதிகா கேட்ட பித்தளைக் குடம்

அறுபதுகளில் நாங்கள் அந்தமானில், மாயாபந்தரில் இருந்தோம். மரமில்லில் வேலை பார்த்த என் கணவருக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. உடம்புச் சூடு என்றார்கள். இளநீர் குடித்தே ஒரு வருடம் ஓடிவிட்டது. கால்கள் வீங்கி, வயிற்றில் நரம்புகள் புடைத்த பிறகுதான் மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினோம்.

கப்பல்துறை ஜெட்டிக்கு வழியனுப்ப வந்தாள், எங்களைத் தாதா, தீதி என்று அண்ணன் அக்காவாகவே அழைக்கும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் லதிகா. "தாதா, எனக்கு ஒரு பித்தளைக் குடம் ஜரூர் லானா, கட்டாயம் வாங்கிட்டு வரணும், மறக்கக் கூடாது" என்றாள். நடக்கவே முடியாதவரிடம் குடமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ சிரித்தபடி தலையாட்டினார்.

மெட்ராஸ் டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. "கிட்னியில கேன்சர்மா. பெரிய ரத்தக்குழாய்க்குள்ள புகுந்து இதயத்துப் பக்கமா வளர்ந்திருக்கு. முழுசா எடுத்துட்டா பிழைக்க வழியிருக்கு. எடுக்கும்போது துண்டு உடைஞ்சா மேசையிலேயே உயிர் போயிடும்."

"எடுத்துடுங்க சார்" என்றார் இவர். ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டே கடைத்தெருவுக்கு நடந்து, தட்டித் தட்டிப் பார்த்துக் குடம் வாங்கினார்.

மறுநாள் துண்டு உடைந்தது.

குடத்தோடு தனியாகத் திரும்பினேன். ஜெட்டியில் நின்ற லதிகாவின் முன்னால் அதை வைத்து, "இந்தா, நீ கேட்டது" என்றேன். அவள் தொடவில்லை.

"சாமான் வாங்கிட்டு வரேன்னு சொன்னவங்க திரும்பி வந்தே ஆகணும், தீதி. அதுக்குத்தான் கேட்டேன்" என்று அழுதாள். "என் வீட்ல குடம் மூணு இருக்கு."

அந்தக் குடத்தில் நான் இன்றுவரை தண்ணீர் பிடித்ததில்லை. ஆனால் வைத்தியத்துக்கு யார் மெயின்லேண்ட் போனாலும் ஜெட்டிக்கு ஓடுகிறேன். கனமான பொருளாகப் பார்த்துக் கேட்கிறேன்.