மாஸ்டர் "சரி" என்று சொன்ன பருப்பு

அந்தத் தொழிற்சாலை கேன்டீனில் மாஸ்டர் ருசி பார்க்காமல் எந்தப் பாத்திரமும் இறங்காது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். அவர் "சரி" என்ற பிறகு இன்னொருத்தர் வாயில் வைத்துப் பார்த்தால் அவரை அவமதித்த மாதிரி. அந்தச் சட்டத்தைப் போட்டவரும் அவர்தான், இப்போது அதில் மாட்டிக்கொண்டு முழித்தவரும் அவர்தான்.

பார்க்கின்சன் என்று டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். கை நடுக்கம் மட்டுமில்லை, மோப்பமும் ருசியும் மங்கலாம், வேர்த்துக் கொட்டலாம் என்றார். மனுஷன் வீட்டில்கூட மூச்சு விடவில்லை. நடுங்கும் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வேர்வைக்குத்தான் அடுப்பு இருக்கிறதே, யார் கேட்கப் போகிறார்கள்?

அன்றைக்குப் பருப்பு அண்டாவிலிருந்து ஒரு சொட்டு நக்கினார். வெறும் சூடுதான் தெரிந்தது.

"உப்பே போடலையா? கவனம் எங்க இருக்கு உனக்கு?" என்று அடுப்படியில் தனியாக உதவிக்கு நின்ற பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"போட்டேன் மாஸ்டர்."

கேட்டால்தானே. கை நிறைய உப்பை அள்ளி அள்ளிப் போட்டு, "சரி, இறக்கு" என்றார். அவளைச் சாமான் அறைக்கு விரட்டினார்.

சாப்பிட வந்தவர்கள் முதல் வாயிலேயே துப்பினார்கள். மேனேஜர் ஓடி வந்து, யார் உப்பு போட்டது என்று கேட்டார். மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் சார். மறந்துபோய் ரெண்டு தரம் போட்டுட்டேன்" என்றாள் அவள்.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றார். சீ, என்ன ஜென்மம் நான் என்றிருந்தது.

சாயங்காலம் அவள் ஏப்ரனை மடித்துக்கொண்டிருந்தாள். போய் நின்றார்.

"நீ ஏம்மா ஏத்துக்கிட்ட?"

"உங்க உடம்புக்கு முடியலன்னு எனக்குத் தெரியும் மாஸ்டர். குளிர் அறையில நின்னாலும் உங்க சட்டை நனையுது. ரொம்ப நாளாவே நீங்க சரின்னு சொன்னதுக்கு அப்புறம் நான் திருட்டுத்தனமா வாயில வச்சுப் பாத்து, தண்ணி ஊத்தி சரிபண்ணிட்டு இருக்கேன். இன்னைக்குத்தான் என்னை சாமான் எடுக்க அனுப்பிட்டீங்க."

மாஸ்டர் கூனிக் குறுகிப் போனார். இத்தனை நாளும் கைப்பக்குவம் என்று ஆட்கள் புகழ்ந்ததையெல்லாம் மீசையை முறுக்கி வாங்கிக்கொண்டவர் அவர்.

"அதை மடிக்காத. கொஞ்சம் இரு" என்றார்.

மேனேஜர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. துண்டை வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனார். சொல்ல ஆரம்பிக்கும் முன்பே நெற்றி வேர்வை மேஜைமேல் சொட்டியது. பாக்கெட்டிலிருந்த கையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்க சார்" என்றார்.