டக்கெட் வீட்டுப் புல்

வெர்லன் டக்கெட்டை நல்ல மனுஷன் என்று சர்ச்சில் சொல்வார்கள். சர்ச்சில் யாரைத்தான் அப்படிச் சொல்லமாட்டார்கள்? நான் அவனுடைய எதிர்வீட்டுக்காரி. என் வராந்தாவில் வேர்க்கடலை உரிக்க உட்கார்ந்தால் கண்ணுக்கு எதிரே அவனுடைய முற்றம்தான். இத்தனை வருஷமாகப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. அந்த ஆளுக்கு உயிருள்ளதில் பிடித்தது புல் ஒன்றுதான். அதையும் கொன்றுவிட்டான்.

அவன் வேலை பார்த்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் பார்க்கிற ஆள். ஊரில் யார் கூரை பிய்ந்தாலும் ஏணியோடு வந்து ஏறிப் பார்த்து, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிக் கொடுப்பது அவன் உத்தியோகம். ஒரு வருஷம் ஆலங்கட்டி மழை அடித்தது. என் கூரைமேல் ஏறி இப்படியும் அப்படியும் நடந்துவிட்டு இறங்கி வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜூவல், இது பழைய ஓட்டை" என்றான். அந்தப் பழைய ஓட்டை வழியாக அன்றைக்கே என் கட்டில்மேல் மழை பெய்தது. இப்படி ஊரையே வயிறெரிய வைத்துவிட்டு, கம்பெனி கொடுத்த சுவர்க்கடிகாரத்தோடு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தான். அதற்கப்புறம்தான் புல் பைத்தியம்.

எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் இருப்பது சென்டிபீட் புல். பூரான் மாதிரி தரையோடு தரையாக ஊர்ந்து போகும், அதனால் அந்தப் பெயர். தென் ஜார்ஜியாவின் இந்த மணலுக்கு அதைவிடத் தோதான புல் கிடையாது. சோம்பேறிப் புல் என்றே சொல்வோம். உரம் கேட்காது, சுண்ணாம்பு கேட்காது. ஞாபகம் வந்தால் வெட்டலாம், வராவிட்டால் அதுவும் கோபித்துக்கொள்ளாது. ஒன்றே ஒன்று, அதன் நிறம் வெளிறின பச்சை. பழுக்காத ஆப்பிள் நிறம். அதுதான் அதன் பிறவி நிறம். அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை, வெர்லனைத் தவிர.

அவனுடைய வயிற்றெரிச்சலுக்குப் பெயர் கோய் லாசிட்டர். மூன்று வீடு தள்ளி இருக்கிறான். கோய் வீட்டில் இருப்பது அருகம்புல். அது தின்னத் தின்ன வளர்கிற ஜாதி. கோய் அதற்கு மாட்டுக்குப் போடுகிற மாதிரி உரம் போடுவான், அது கீரை மாதிரி கரும்பச்சையாய்க் கறுத்துக் கிடக்கும். ஊர்த் தோட்டக் கழகத்துப் பெண்கள் கோடைக்காலத்தில் மாதம் ஒரு வீட்டைப் பொறுக்கி, 'இந்த மாதத்தின் முற்றம்' என்று ஒரு தகர போர்டைக் கொண்டுவந்து புல்லில் நட்டுவிட்டுப் போவார்கள். சும்மா தகரம். அது கோய் வீட்டில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் வெர்லன் முகம் பார்க்கச் சகிக்காது.

"அவனுது கறுப்பா இருக்கு, என்னுது ஏன் நோயாளி மாதிரி இருக்கு?" என்று என்னிடமே வந்து கேட்டான்.

"அது வேற புல்லு, இது வேற புல்லு. உன் மூஞ்சியும் கோய் மூஞ்சியும் ஒண்ணாவா இருக்கு? சும்மா விட்டுத் தொலை."

"சும்மா விடறதுக்கா ரிட்டயர் ஆனேன்?"

இவனோடு குடித்தனம் நடத்தியவள் மேவிஸ். அவளை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமே வருகிறது. தெருமுனையில் இருக்கிற எங்கள் பாப்டிஸ்ட் சர்ச்சின் பாடகர் குழுவில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாடுகிறவள். என்ன குரல்! அடிக்குரலில் அவள் எடுத்தால் பின்வரிசையில் தூங்குகிற கிழங்கள்கூட நிமிர்ந்து உட்காரும். புதன்கிழமை சாயங்காலப் பயிற்சிக்குப் போய்வருவதுதான் அவளுக்கென்று இருந்த ஒரே பொழுது. மற்றதெல்லாம் அவனுக்குச் சோளரொட்டி சுடுவதிலும் அவனுடைய முட்டிவரை வரும் வெள்ளைக் காலுறையை வெளுப்பதிலும் போயிற்று.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆயிற்று. சர்ச் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தோம். கோழியும் அரிசியும் சீஸும் போட்டுச் சுட்டது, நெருப்பாகக் கொதிக்கிறது, கையில் துணியோடு முற்றத்துக்குக் குறுக்கே நடக்கிறோம். இந்தப் பெரிய மனிதன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வருகிறான். "அந்தப் பக்கமா சுத்தி வாங்கம்மா, குளிருக்குப் புல்லு தூங்குது! மிதிச்சா வேர் போயிடும்!" கை பொரிய, கார் நிற்கிற பக்கமாகச் சுற்றிப் போனோம். உள்ளே பெண்டாட்டி வலியில் முனகுகிறாள், வெளியே இவனுடைய புல் தூங்குகிறதாம். த்தூ!

வசந்தம் வந்ததும் மேவிஸ் சக்கரம் வைத்த நடைச்சட்டமான வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தாள். வெளியே வருவதுதான் பாடு. முன்வாசலிலும் படி, கார் நிற்கிற பக்கத்திலும் படி. சமையலறைக் கதவு ஒன்றுதான் தரையோடு சமமாக இருந்தது. அதற்கு வெளியே துணிக்கொடி, அப்புறம் தெருவரைக்கும் புல். புல்லுக்கு அடியில் மணல். ஒருநாள் நான் பிடித்துக்கொள்ள, அவள் அதில் இறங்கிப் பார்த்தாள். நாலடி வைப்பதற்குள் வாக்கர் சக்கரம் மணலில் புதைந்து சாய்ந்தது. நான் மட்டும் அவள் இடுப்பை அணைத்துப் பிடிக்காமல் இருந்திருந்தால் குப்புற விழுந்திருப்பாள். வெர்லன் ஓடி வந்தான். வந்தவன் குனிந்து, சக்கரம் கிழித்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

"வெர்லன், எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் மேவிஸ், அவன் முதுகைப் பார்த்து.

"ம்" என்றான் அவன்.

அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். சமையலறைக் கதவிலிருந்து தெருவரைக்கும் வாக்கர் போகிற அகலத்துக்கு ஒரு கான்கிரீட் பாதை. வேறு ஒன்றும் வேண்டாம். தெருவுக்கு வந்துவிட்டால் சர்ச்சுக்கு அவளே போய்விடுவாள்.

"புல்லுக்கு நடுவுல கான்கிரீட்டா? கழகத்துப் பொம்பளைங்க ரோட்டுல நின்னு பாக்கறப்ப முதல்ல அதானே கண்ணுல குத்தும்! போர்டு வரட்டும் மேவிஸ். போட்டுடலாம்."

"புதன்கிழமை பயிற்சிக்கு யாரு கூட்டிட்டுப் போறது?"

"புதன்கிழமை புல்லு வெட்டற நாளாச்சே. ஞாயித்துக்கிழமை கார்ல கூட்டிட்டுப் போறேன்ல?"

கூட்டிப் போனான். ஆனால் பயிற்சிக்கு வராதவளைப் பாடகர் வரிசையில் எப்படி நிறுத்துவது? அவள் கீழே இவன் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து வாயசைத்துவிட்டு வந்தாள். அவள் இல்லாமல் அந்தப் பாட்டுகள் கேட்பதற்கு உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தன.

வெர்லன் மூட்டை மூட்டையாக உரம் இறக்கினான். சுண்ணாம்பு தூவினான். விடிவதற்குள் எழுந்து தண்ணீர் பாய்ச்சினான். தபால்பெட்டியின் காலைச் சுற்றி வயிற்றால் படுத்துக்கொண்டு கத்தரிக்கோலால் வெட்டினான். கண்ணில் பொடி ஈ மொய்க்கும், வாய் ஓரத்தால் ஊதி ஊதி விரட்டிக்கொண்டே வெட்டுவான். துணிக்கொடிப் பக்கத்தை மட்டும் மேவிஸ் தொடவிடவில்லை. "அந்த நாத்தம் பிடிச்சதை கொடியில காயற என் படுக்கை விரிப்புக்குக் கீழே கொட்டினா, உனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது" என்று சொல்லிவிட்டாள். வாழ்நாளில் அவள் அவனை மிரட்டி நான் கேட்டது அது ஒன்றுதான்.

சும்மா சொல்லக்கூடாது, கோடையில் அவனுடைய முன்முற்றம் கறுத்துவிட்டது. ஆள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோய் வீட்டு வாசல் வழியாக வேலையே இல்லாமல் போய்வந்தான். கோடை முடிகிற சமயத்தில் கழகத்துப் பெண்கள் வந்து போர்டை நட்டார்கள். அடேங்கப்பா, அதன் பக்கத்தில் நின்று அவன் படம் எடுத்துக்கொண்ட அழகென்ன! மேவிஸையும் கூப்பிட்டான். அவள் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். வேறு எப்படி வருவாள்?

மறுநாள் அவள் பாதையை ஞாபகப்படுத்தினாள்.

"போர்டு நிக்கறப்ப யாராவது தோண்டுவாங்களா? அடுத்த வருஷமும் நமக்குத்தான்னு கழகத் தலைவியம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதுவும் வரட்டும்."

இதை மேவிஸ் என்னிடம் போனில் சொன்னபோது அழவில்லை. "ஜூவல், எனக்கு அந்த அடிக்குரலே மறந்து போயிடும் போல இருக்கு" என்றாள். போனை வைத்துவிட்டு அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன், சுவர்தான் கேட்டது.

குளிர் முடிந்து அடுத்த வசந்தம் வந்தது. தெருவில் எல்லோருடைய சென்டிபீட்டும் கண்விழித்துப் பச்சை பிடித்தது. கவனிப்பாரற்ற என் புல்கூட எழுந்துவிட்டது. வெர்லனுடையது எழுந்திருக்கவில்லை. முதலில் வட்ட வட்டமாகச் செத்தை நிறம், பிறகு வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. பிடித்து இழுத்தால் பாய் மாதிரி கையோடு வந்தது. சோறு போட்டே கொன்றுவிட்டான். இந்தப் புல்லுக்கு அதிகமாகப் போட்டால் அந்த வருஷம் கறுக்கும், அடுத்த வருஷம் சாகும். இது இங்கே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். இவனுக்கும் நான் சொல்லியிருந்தேன். அவன் செய்ததென்ன? பசியால்தான் வாடுகிறது என்று இன்னும் இரண்டு மூட்டை கொட்டினான்!

முழுதும் செத்தபிறகுதான் அவன் கண் துணிக்கொடிப் பக்கம் போயிற்று. அவன் நோயாளி என்று ஏசிய அந்த வெளிறின புல், ஒரு வாய் உரம் தின்னாமல் மெத்தென்று நிறைந்து கிடந்தது. தட்டை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து சமையலறைக் கதவைத் தட்டினான். நான் அப்போது உள்ளே மேவிஸோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"மேவிஸ், இங்கேருந்து வேரோட கொஞ்சம் புல்லுப் பத்தை வெட்டி முன்னாடி நட்டுக்கறேன். ரெண்டு மாசத்துல பரவிடும்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கதவு வழியே தெருவரைக்கும் புல்லைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"எடுத்துக்கோ. ஆனா அங்கங்க கொத்தி என் இடத்தைக் குதறி வைக்காதே. இந்தக் கதவுலேருந்து ஆரம்பிச்சு ரோடு வரைக்கும் நேரா ஒரே பட்டையா எடு. ரோட்டுலேருந்து பாத்தா ஒழுங்கா இருக்கணும்ல?"

"எவ்வளவு அகலம்?"

"இந்த வாக்கர் அகலத்துக்கு எடேன்" என்றாள் என் முகத்தைப் பார்க்காமல்.

ஊரிலுள்ள ஓட்டையெல்லாம் ஏறிப் பார்த்த ஆள், தன் காலடியில் தோண்டுவது என்ன என்று பார்க்கவில்லை. கோணல் என்றால் அவனுக்கு ஆகாதே! இரண்டு பக்கமும் கயிறு கட்டினான். ஓரத்தை நறுக்கென்று வெட்டினான். பத்தையெல்லாம் எடுத்தபிறகு கீழே கிடந்த மணலையும் சமமாக மட்டம் பண்ணினான். கூலிக்கு ஆள் வைத்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கமாட்டான். நான் வீட்டுக்கு வந்து டெல்மருக்குப் போன் போட்டேன். டெல்மர் எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவன், கான்கிரீட் வேலைக்காரன்.

வெர்லன் பத்தைகளை முன்னால் நட்டு முடித்தான். முடித்தவன் சும்மா இருந்தானா? அவற்றுக்குப் போட உரம் வாங்கக் கடைக்குக் கிளம்பினான்! அவன் வண்டி தெரு திரும்பியதும் இந்தப் பக்கமிருந்து டெல்மர் கலவை இயந்திரத்தோடு வந்து இறங்கினான். ஓரத்துக்குப் பலகை அடித்து, கதவிலிருந்து ஊற்ற ஆரம்பித்துவிட்டான்.

பாதி ஊற்றியிருப்பான், வெர்லன் வந்துவிட்டான். வண்டியை நிறுத்தாமலே குதித்தான் என்றுதான் சொல்லவேண்டும்.

"நிறுத்துடா! யாரைக் கேட்டு ஊத்தற? இது என் புல்லு!"

"புல்லு எங்க இருக்கு மிஸ்டர் டக்கெட்?" என்று டெல்மர் கீழே பார்த்தான். அப்புறம் கதவுப் பக்கம் திரும்பினான். "மேவிஸ் அம்மா, ஊத்தட்டுமா, நிறுத்தட்டுமா?"

மேவிஸ் சமையலறைக் கதவருகில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தெருவில் நின்றபடி, கடவுளே இவள் பேசவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

"ஊத்து" என்றாள். "ரோடு வரைக்கும் ஊத்து."

"மேவிஸ், போர்டு..." என்றான் வெர்லன்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கான்கிரீட் இறுகியபிறகு வந்த புதன்கிழமை சாயங்காலம், மேவிஸ் நீலக் கவுனும் முத்துக்காதணியும் போட்டுக்கொண்டு சமையலறைக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். வாக்கர் சக்கரம் கடகடவென்று உருண்டது. வெர்லன் முன்முற்றத்தில் மண்டியிட்டு, உரம் தின்று மஞ்சளடித்துப்போன தன் பத்தைகளுக்கு நடுவில் எதையோ கிளறிக்கொண்டிருந்தான். அவள் தெருவுக்கு வந்து என் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"மேவிஸ்!" என்று கத்தினான் அவன். "ராத்திரிச் சாப்பாடு? எப்ப வருவ?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"போர்டு வரட்டும் வெர்லன்" என்றாள்.

நாங்கள் சர்ச்சைப் பார்த்து நடந்தோம். லாசிட்டர் வீட்டைத் தாண்டும்போதே அவள் மெதுவாக, அந்த அடிக்குரலில், எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.