நான் பார்க்கக் கூடாத வீடியோ

கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். செடி வரிசைக்கு இந்தப் புறம் நான், அந்தப் புறம் ஒரு பங்களாதேஷ்காரன். இரண்டு வருஷமாக ஒன்றாக வெட்டுகிறோம். பேச்சு அதிகம் கிடையாது. மெஷின் சத்தத்தில் பேசவும் முடியாது.

அந்தத் திங்கட்கிழமை அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். கால் வைக்கிற இடத்தைப் பார்க்கவில்லை. சரிவில் தடுக்கினான். மெஷினை நிறுத்தி, என்னடா என்று மலாயில் கேட்டேன்.

ஹேண்ட்போனை எடுத்துக் காட்டினான். "தாகுத் லா, அபாங்," என்றான். அண்ணே, பயமாக இருக்கிறது என்கிறான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான்.

அதில் நான் இருந்தேன்.

முந்தின நாள்தான் எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலில் வருஷப் பூசை. பல வருஷமாக என் மேல்தான் சாமி வருகிறது. ஆனால் சாமி வந்த என் முகத்தை நான் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பது? உடுக்கைச் சத்தம் ஏறும். உள்ளங்கால் சுடும். அப்புறம் யாராவது முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். நடுவில் நடந்தது எதுவும் எனக்கு நினைவில் இருக்காது.

போனில் பார்த்தேன். கண் இரண்டும் மேலே ஏறியிருந்தன. வாயில் சுருட்டு. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. யாரோ அதற்குக் காமெடி மியூசிக் போட்டிருந்தார்கள். நான் காலைத் தூக்கும்போதெல்லாம் டொய்ங் என்று ஒரு சத்தம்.

அது நான் இல்லை என்று அவனிடம் சொல்ல வந்தேன். மலாயில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தமிழிலும் தெரியாது.

என் முகம் போகட்டும். அதற்குப் பிறகு வந்ததுதான் அப்படி விட முடியாதது.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசி வீட்டுத் தங்கச்சி எதிரே வந்து நின்றாள். சொந்தம் இல்லை. அவள் என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். தேயிலை ஃபேக்டரியில் பொட்டலம் கட்டுகிறாள். புருஷன் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறான். இரண்டு தீபாவளியாக அவன் வரவில்லை.

மைக் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"அவரு வருவாரா சாமி? நான் காத்திருக்கவா, வேணாமா?"

என் வாய் சொன்னது: "அவன் வேற வாசல்ல செருப்பு விட்டுட்டான். நீ ஒன் பொழப்பப் பாரு."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, அவள் முகத்தைப் பெரிதாக்கி, மேலே அழுகிற பொம்மை ஒன்றை ஒட்டியிருந்தார்கள்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். மெஷினைத் தூக்கினோம். அன்று வெட்டு நேராக வரவில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கீழே இருந்து கத்தினார்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். சாமி என்ன சொன்னது என்று சாமியாடியிடம் யாரும் சொல்லக் கூடாது. குறி கேட்டவர் விபூதி வாங்கியதும் அது முடிந்தது. பக்கத்தில் நிற்கிறவர்கள் காதில் விழத்தான் செய்யும். ஆனால் என்னிடம் வந்து சொல்ல மாட்டார்கள். அதனால்தான் மறுநாள் வேலைக்கு ஏற்றிப்போகும் லாரிக்கு நிற்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடிகிறது. அவர்களாலும் முடிகிறது. இத்தனை வருஷத்தில் யார் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது ஒன்று தெரிந்துவிட்டது. சொன்னது ஒரு பங்களாதேஷ்காரன். தமிழ் தெரியாத அவனுக்கும் தான் என்ன சொன்னோம் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"ஒனக்குத் தெரியுமா?"

"நேத்தே தெரியும்."

"சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான இருக்கு."

அதுவும் சரிதான்.

மீதியை அவள் சொன்னாள். கோயிலுக்குப் பேஸ்புக்கில் ஒரு பக்கம் இருக்கிறது. கோயில் தலைவர் பூசையை லைவ் விட்டிருக்கிறார். எவனோ அதில் ஒரு துண்டை வெட்டி மியூசிக் போட்டு விட்டிருக்கிறான். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். கீழே எழுதியிருந்ததை அவள்தான் வாசித்தாள். நிறைய சிரிப்பு. இந்தப் பொம்பள என்ன செஞ்சாளோ, அதான் புருஷன் போயிட்டான் என்று ஒரு ஆள். எந்த ஊர்க்காரன் என்றே தெரியாது.

தங்கச்சியின் மாமியார் சுங்கை சிப்புட்டிலிருந்து போன் போட்டு அவளை ஏசியிருக்கிறாள். புருஷனும் போட்டானாம். இத்தனை நாள் போடாதவன், மானம் போச்சு என்று கத்துவதற்குப் போட்டிருக்கிறான்.

"ஈப்போவுல அண்ணன் வீட்டுக்குப் போறாளாம். வேலைய விடறாளாம். துணியெல்லாம் கட்டிட்டா," என்றாள் மனைவி.

வேலை போனால் லயத்து வீடும் போகும். வேலைக்குத்தான் வீடு. ஈப்போவில் அவள் எத்தனை நாள் இருக்க முடியும் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய அண்ணி அப்படி.

"பேஸ்புக்க அழி," என்றேன்.

"எதை? ஒங்களுதையா?"

"என்னுதை."

"அழிச்சா அந்த வீடியோ போயிருமா?"

"போகாதா?"

"போகாதுங்க. நீங்கதான் போவீங்க. அது அங்கயே இருக்கும்."

அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள். அக்கா கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறாள். வாதம் வந்து படுக்கையில் கிடக்கிறாள். எனக்குப் பேஸ்புக் இருப்பதே அவளுக்காகத்தான். அதில்தான் முகம் பார்த்துப் பேசுவாள்.

"டேய், சாமி நல்லா வந்துச்சுடா! முழுசும் பாத்தேன். மருமக போனத் தலகாணில சாச்சு வெச்சா. ஆனா ஒன் வேட்டி அவுந்துரும் போல இருந்துச்சு. முனியாண்டிக்கு இடுப்புக் கயிறு கட்டத் தெரியாதா?"

"தெரியாது போல."

"இங்கருந்தே கும்புட்டேன். விபூதி மட்டுந்தான் வாங்க முடியல."

சிரித்தாள். ஒரு பக்க வாய்தான் சிரிக்கும். துண்டு வீடியோ அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பேசி முடித்துப் போனை மனைவியிடம் கொடுத்தேன். அழி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் வேலை முடிந்து தலைவரைப் பார்க்கப் போனேன். தோட்டத்து லாரி ஓட்டுகிறவர் அவர். என்னைவிடச் சின்னவர். கெட்டவர் இல்லை. லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார்.

"ணே, நான் அழிச்சிட்டேன்ணே. கோயில் பக்கத்துல இப்ப இல்ல. ஆனா வெட்டிப் போட்டவன் யாருன்னே தெரியல. அத நம்மளால ஒன்னும் செய்ய முடியாதுலா."

"இனிமே லைவ் வேணாம்."

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. லயத்துல இப்ப எத்தன வீட்ல நம்ம ஆளு இருக்கு? எல்லாம் கேஎல்லு, ஜோகூருன்னு போயிருச்சு. அவங்க பாக்கறதுனாலதான் நம்ம கோயிலுக்கு இன்னும் ஆளு இருக்கு. ஒங்க அக்கா மட்டுமே எவ்வளவு ஹார்ட்டு விட்டுச்சு தெரியுமா? ஸ்கிரீனே தெரியல."

"குறி கேக்கறதயுமா காட்டணும்?"

"அந்தப் பொண்ணு சாமி முன்னால எல்லாரும் கேக்கத்தானண்ணே கேட்டுச்சு? ரகசியமாவா கேட்டுச்சு?"

அவர் ஒரு டயரைக் கழுவி முடிக்கும் வரை நின்றேன்.

"அன்னிக்குக் காதுல கேட்டவன்லாம் மறுநா தங்கச்சிகூட லாரி ஏறுறவன்," என்றேன்.

அவர் தண்ணீரை நிறுத்தினார்.

நான் சொல்ல நினைத்தது இன்னும் கொஞ்சம் உண்டு. அங்கே சொல்ல வரவில்லை. லயத்திலும் பேசுவார்கள். மோசமாகவே பேசுவார்கள். ஆனால் பேசுகிறவளுக்குப் போன மாதம் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுபோனவள் இந்தக் கடைசி வீட்டுக்காரிதான். அது பேசுகிறவளுக்கும் தெரியும். அதனால் பேச்சு ஓர் இடத்தில் நின்றுவிடும். போனில் எழுதுகிறவனுக்கு இவளைப் பற்றி அந்த ஒன்றுதான் தெரியும். அவன் எங்கே நிறுத்துவான்?

"போன அணைக்கலன்னா அடுத்த பூசைக்கு நான் நிக்க மாட்டேன்."

"சாமி வந்தா என்னண்ணே செய்வீங்க?"

"அன்னிக்கு தானா ராத்தா டவுனுக்குப் போயிருவேன்."

"முனியாண்டியும் பின்னாலயே பஸ் ஏறி வந்துட்டாருன்னா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. கமிட்டியில் பேசுகிறேன் என்றார்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. வெட்டை நிறுத்திச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். மனைவி கிளினிக்குக்குப் போயிருந்தாள். அவளை அக்கா என்று கூப்பிடும் கடைசி வீட்டுத் தங்கச்சி சமையல் கேஸ் தோங்கை, சிலிண்டரை, உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா இல்லியாண்ணே? தோங்குல பாதி கேஸ் இருக்கு. ஈப்போவுக்கா தூக்கிட்டுப் போறது? அக்காவ வெச்சுக்கச் சொல்லுங்க."

"வை."

வைத்துவிட்டுப் போகவில்லை. நின்றாள்.

"நீங்க பாத்தீங்களாண்ணே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"பாத்தேன்."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் தோங்கின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அன்னிக்குச் சாமிகிட்ட கேட்டேன். இப்ப ஒங்ககிட்ட கேக்கறேன். நான் போகவா, இருக்கவா?"

"எனக்கு வாக்கு வராது தங்கச்சி."

"வாக்கு வேணாம்ணே. அதான் கெடச்சிருச்சே. நீங்க சொல்லுங்க."

உடுக்கை இல்லை. சுருட்டு இல்லை. இப்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஈப்போவுலயும் போன் இருக்கு," என்றேன்.

"தெரியும்."

"அங்க போனா அதுல நீ மட்டுந்தான் இருப்ப. இங்க இருந்தா என் மொகமும் இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நடுவில் இருமல் வந்தது. இருமி முடித்து மறுபடி சிரித்தாள்.

"அண்ணே, ஒங்க மொகம் அதுல ரொம்ப மோசம்ணே."

"பாத்தேன்."

"அந்த டொய்ங் வேற."

"ம்."

"வெக்கமா இல்லியாண்ணே ஒங்களுக்கு?"

"இருக்கு."

"அப்புறம் எப்படி வேலைக்குப் போறீங்க?"

"லாரி வருது. ஏறிடறேன்."

அவள் சிரித்த கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பேஸ்புக்க எடுத்துறப் போறீங்களாமே. அக்கா சொன்னாங்க."

"எடுக்கலாம்னு இருந்தேன்."

"எடுக்காதீங்கண்ணே. நான் எடுத்துட்டேன். எடுத்தப்புறந்தான் பயமா இருக்கு. அங்க என்ன சொல்றாங்கன்னே தெரியல. நீங்களாச்சும் உள்ள இருங்க. ரொம்ப மோசமா எதாச்சும் எழுதுனா எனக்குச் சொல்லுங்க."

"எனக்கு வாசிக்க வராதே."

"அக்கா வாசிப்பாங்க."

மழை குறைந்ததும் எழுந்தாள். தோங்கைச் சாய்த்தாள்.

"இத எடுத்துட்டுப் போறேன்ணே. சோறு ஆக்கணும்."

மறுநாள் காலையில் லாரிக்கு வந்து நின்றாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏறியதும் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். புருஷன் மறுபடி போன் போட்டான். அவள் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதையும் லயம் பேசியது.

நான் பேஸ்புக்கை விட்டு வரவில்லை. பிடித்து இருக்கவில்லை. காவலுக்கு நிற்கிறவன் மாதிரி இருந்தேன். மனைவி ராத்திரி சோற்றுக்கு முன்னால் கீழே எழுதியிருப்பதை வாசிப்பாள். ரொம்பக் கெட்டதை அவளே விழுங்கிவிடுவாள் என்று நினைக்கிறேன். நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் எழுதுவது குறைந்தது. அவர்களுக்கு வேறு ஆள் கிடைத்திருப்பான். அந்த ஆள் யாரோ, எந்த லயத்தில் இருக்கிறானோ.

இதை எழுதலாமா என்று கடைசி வீட்டில் கேட்டேன். பேரு போடாதீங்க, மத்தபடி எழுதுங்க, துண்டு வெட்டிப் போட்டவன்தான் எழுதணுமா என்றாள். நான் சொல்லச் சொல்ல மனைவி எழுதுகிறாள்.

அடுத்த பூசைக்கும் லைவ் விட்டார்கள். அபிஷேகம், அலங்காரம், தீபாராதனை வரைக்கும். உடுக்கை எடுத்ததும் தலைவர் தன் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, மற்றவர்களையும் அணைக்கச் சொன்னாராம். கேஎல்லிலிருந்து வந்தவர்கள் முணுமுணுத்தார்களாம். தங்கச்சியும் வரிசையில் நின்றாள் என்று மனைவி சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். கோபம்.

"ஏன்டா பாதியில அணைச்சீங்க? முனியாண்டி வர்ற நேரத்துல போன் கறுத்துப் போச்சு. நான் கேக்கறதுக்கு ஒன்னு வெச்சிருந்தேன்."

"குறி நேர்ல வந்துதான் கேக்கணும்க்கா."

"படுத்துக் கெடக்கறவ எப்படிடா வர்றது?"

அணைக்கச் சொன்னது நான். அணைத்தது சரிதான் என்றுதான் இப்பவும் நினைக்கிறேன். அவள் கேட்டதும் சரிதான்.

லீவு போட்டுவிட்டுத் தானா ராத்தாவில் பஸ் ஏறினேன். மலை இறங்கி, கேஎல்லில் மாறி, கிள்ளானுக்குப் போய்ச் சேர சாயங்காலம் ஆகிவிட்டது. விபூதியைப் பொட்டலமாக மடித்துக் கொண்டுபோயிருந்தேன். அக்கா நெற்றியில் வைத்தேன். நல்ல கையால் என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"போன்ல பாக்கறப்ப இவ்வளவு கெழவனாத் தெரியலியேடா," என்றாள்.

மருமகள் டீ கொண்டுவந்தாள். அக்கா அவளைக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வரச் சொன்னாள். வீட்டில் ரொட்டி இருந்தது. மருமகளுக்கும் புரிந்தது, போய்விட்டாள். அப்புறம் அக்கா, கேட்க வைத்திருந்ததைக் கேட்டாள். சாமி வராமலே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

என்ன கேட்டாள் என்பதை நான் சொல்லவில்லை. மனைவியும் எழுதவில்லை.