சாதகத்திலை செவ்வாய் இடம் மாறாது

டேட்டாபேஸ்காரனை ஆக்கள் நினைக்கிறது கணினி இழுபடுகிற அண்டைக்கு மட்டுந்தான். இந்தத் தொழிலிலை மாரடிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

ஓடுது தானே

யாழ்ப்பாண ரவுனிலை ஒரு கலியாணப் பொருத்த நிலையம். பிறந்த நேரத்தை வைச்சுச் செவ்வாய் எத்தினையாம் வீட்டிலை எண்டு கணிக்கிற ஃபங்ஷன் ஒண்டை எனக்கு முந்தி அங்கை டேட்டாபேஸ் பாத்தவர் எழுதி, எல்லாரின்ரை விபரத்தையும் காட்டுற வியூவுக்குள்ளை வைச்சிட்டுக் கனடாவுக்குப் போயிட்டார். ஒரே பிறந்த நேரத்துக்கு எப்பவும் ஒரே விடைதான் எண்டு அதின்ரை வரையறையிலை ஒரு சொல் போடவேணும். அவர் போடேல்லை. போடாட்டி விடை ஒவ்வொருக்காலும் மாறலாம் எண்டு டேட்டாபேஸ் நினைக்கும். விடையளை முன்கூட்டியே கணிச்சு அடுக்கி வைக்கிற இன்டெக்ஸ் கட்டவும் விடாது. பிறகென்ன, ஒருத்தியைத் தேடினாலும் எல்லாற்றை சாதகத்தையும் திருப்பிக் கணிக்கும்!

திருத்த ஒரு பின்னேரம் தாங்கோ எண்டு நிலையம் நடத்திற விமலாக்காவைக் கெஞ்சினன்.

"ஓடுது தானே தம்பி, ஓடுறதை ஏன் நோண்டுவான்?"

வாசலிலை வான்

லண்டனிலை இருந்து ஒரு தாய் வந்தவ. மகனுக்குச் செவ்வாய் ஏழிலை. பொம்பிளைக்கும் அப்பிடி இருக்கவேணும். தெல்லிப்பழைத் தோட்டக்காரர் ராசையா அண்ணையின்ரை மகள் அப்பிடியான பிள்ளைதான். அந்தத் தோசத்தாலையே ஒண்டும் சரிவராமல் வயது போகுது எண்டு மனுசன் கிழமைக்குக் கிழமை வந்து விசாரிப்பார்.

விமலாக்கா தேடலை அழுத்தினா. திரை சுத்துது, சுத்துது. அவவைக் கீரிமலைக் கோயிலுக்குக் கூட்டிப்போற வான்காரன் வெளியிலை ஹோண் அடிக்கிறான். தாய் எழும்பிட்டா.

"பூசைக்கு நேரமாச்சுப் பிள்ளை. மற்ற நிலையத்திலை தந்த சாதகத்தையே பாக்கிறன்."

ஒரே ஒரு பெயர்

வான் போனாப்பிறகு விடை வந்தது. ஒரே ஒரு பெயர்: ராசையா அண்ணையின்ரை மகள். விமலாக்கா அண்டைக்கு முழுக்க அந்தத் தாய்க்குப் போன் அடிச்சா. கிடைக்கேக்கை அவையள் மற்ற இடத்திலை பேசி முற்றாக்கிப்போட்டினம்.

அதுக்குப் பிறகுதான் எனக்கு அந்தப் பின்னேரம் கிடைச்சது. விட்ட சொல்லைப் போட்டன், இன்டெக்ஸ் கட்டினன். தேடல் பறந்தது. எனக்கெண்டால் ஒரு சந்தோசமும் இல்லை.

அடுத்த கிழமை வந்த ராசையா அண்ணைக்கு விமலாக்கா அழுதழுது எல்லாத்தையும் சொன்னா. அவர் என்ரை பக்கம் திரும்பித் திரையைக் காட்டிக் கேட்டார்.

"பிறக்கேக்கை இருந்த செவ்வாய் பிறகு இடம் மாறுமோ தம்பி? உதை உதுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

இப்ப அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடினால், ஒருத்தரும் இல்லை எண்ட விடை கண்மூடித் திறக்கமுதல் வந்திடுது.